நாலரை மணிக்குப் பேசியது

உடன்குடி
11.5.2025

நைனாவுக்கு, ராஜகுமாரி எழுதுகிறேன். சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது, முட்டிவலி மாடிப்படி ஏற விடுகிறதா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று காய்ச்சியிருந்தீர்கள். திருநெல்வேலியில் கொஞ்சம் வேலை இருந்தது நைனா. போவதும் வருவதுமாகவே நாள் போய்விட்டது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவருடைய லேத் பட்டறை நன்றாக ஓடுகிறது. அவர் பேரை எழுதினால் நீங்கள் அந்த வரியைத் தாண்டிப் படிப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உதயகுமார் நலம்.

அம்மா செத்த காரியத்துக்கு வந்துவிட்டு நான் ஊர் திரும்பின வாரமே உங்கள் முதல் கடிதம் வந்தது. "வாயால் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், கையால் எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை" என்று ஆரம்பித்திருந்தீர்கள். சிரித்துக்கொண்டே அழுதேன். மூன்று வருஷமாக இந்தத் தபாலில்தான் எனக்கு அப்பா இருக்கிறார். வாட்ஸப்பில் எழுதுங்கள் என்றால், போனில் வருவதெல்லாம் பேச்சுதான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறுக்கக் கூடாது. எனக்கு உங்கள் குரலைக் கேட்க வேண்டும். பதினோரு வருஷம் ஆகிறது. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் தம்பி பாபு குரல்தான் காதில் வருகிறது. ஒரே ஒரு தடவை பேசுங்கள். திட்டினாலும் சரி.

உங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ராஜகுமாரி

*

சென்னீர்குப்பம்
24.5.2025

அடி கழுதை ராஜகுமாரிக்கு, நைனா எழுதுவது. சர்க்கரை நூற்றி எண்பது. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. பாபுவும் மருமகளும் சுகம். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று எழுதவில்லை.

நீ என்ன கேட்கிறாய் என்று யோசித்துத்தான் கேட்கிறாயா? நம் வீட்டில் குடியிருந்தவனோடு நீ போன அன்று பொன்னியம்மன் சன்னதியில் ஊரே பார்க்கச் சூடத்தை அணைத்தேன். என் தலைமேல் ஆணை என்று சொல்லியிருந்தால் மயிரே போச்சு என்று மறுநாளே பேசியிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "ராஜகுமாரி தலைமேல ஆணை, இந்த வாயால அவகிட்ட பேசமாட்டேன்" என்றல்லவா சொல்லித் தொலைத்தேன். மீறினால் போவது யார் தலை?

நம் தெரு பாஸ்கரனை உனக்கு நினைவிருக்கும். குடிக்கமாட்டேன் என்று தன் கால்மேல் சத்தியம் பண்ணிச் சூடம் அணைத்தான். ஒரு மாதம் தாங்கவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிக்காரன் அந்தக் காலையே எடுத்துக்கொண்டான். இரண்டு கால் இருக்க, எந்தக் காலைச் சொன்னானோ அதையே. இன்றைக்கும் கட்டையை ஊன்றிக்கொண்டு போகிறான், தினம் பார்க்கிறேன்.

நீ வாசலில் வந்து நின்ற அன்று, உன் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது, நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோரும் கல்நெஞ்சக்காரன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு உன் தலை வேண்டும்.

இதைப் பற்றி இனி எழுதாதே. முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, அனுப்பத்தான் வழியில்லை.

பிடிவாதம் பிடித்தவளுக்கு அப்பனான,
எத்திராஜ்

*

உடன்குடி
20.6.2025

நைனாவுக்கு, சர்க்கரை நூற்றி எண்பது என்று பெருமையாக எழுதுகிறீர்கள், பரீட்சை மார்க்கா அது? மாத்திரையை விடாதீர்கள். நான் சாப்பிடுகிறேன்.

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். வழி கண்டுபிடித்துவிட்டேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் குலசேகரப்பட்டினம், குலசை என்பார்கள். கடல் ஓரத்தில் முத்தாரம்மன் கோயில். தசராவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் விரதமிருந்து வேஷம் கட்டுவார்கள். குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரன், குறத்தி, காளி என்று லட்சக்கணக்கில் வருவார்கள். வேஷம் கட்டினபிறகு அவர் அவர் இல்லை. போன வருஷம் எங்கள் தெருவில் காளி கட்டியவருக்குப் பெற்ற தாயே சூடம் காட்டி விழுந்து கும்பிட்டாள். "தாயே"தான், பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணன் தம்பி உறவெல்லாம் காப்பு அவிழ்க்கும் வரைக்கும் கிடையாது.

நான் இந்த வருஷம் காளி கட்டுகிறேன். பொதுவாக ஆண்கள்தான் கட்டுவார்கள், எங்கள் குழுத் தலைவர் எனக்குச் சரி என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் அங்கே வந்து பேசினால் ராஜகுமாரியிடம் பேசினதாக ஆகாது, அம்மனிடம் பேசினதாகத்தான் ஆகும். நீங்கள் வாய்க்கும் கைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவர், உங்கள் மகள் இது கூடக் கண்டுபிடிக்கமாட்டாளா?

அக்டோபர் இரண்டாம் தேதி, பகலில் வாருங்கள். இதைத் தள்ளிப்போடவேண்டாம் நைனா. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
குமாரி

*

சென்னீர்குப்பம்
8.7.2025

குமாரிக்கு, நைனாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பூந்தமல்லியில் தலைக்குமேல் மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்க்கிறான், கீழே பஸ் நகரமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். நீ வக்கீலுக்குப் படித்திருக்கவேண்டியவள். கடைசியில் பொன்னியம்மன் கோயில் பூசாரி மணவாளனிடமே போய்க் கேட்டேன். சத்தியம் அவன் முன்னால் பண்ணினது, அவன்தானே சொல்லவேண்டும். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்: "வேசம் கட்டிகினா அது அம்மாதான் எத்திராஜு. நீ அம்மாகிட்ட அழுவுறதை எவன் கேக்கப் போறான்? ஆனா பேரு மட்டும் சொல்லாத. பேரு சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

எனவே வருகிறேன். பாடியில் தெற்கத்திக் கடைக்காரர்கள் வருஷா வருஷம் குலசைக்கு பஸ் விடுகிறார்களாம், அதில் சொல்லி வைத்துவிட்டேன். தாம்பரத்தைத் தாண்டாதவன் இந்தக் கிழட்டு வயதில் அவ்வளவு தூரம் வருகிறேன், பார்த்துக்கொள்.

ஒரு சந்தேகம். அத்தனை காளிக்கு நடுவில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு எவனாவது காளியிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டு வந்தால் சிரிப்பாய்ச் சிரிக்கும். இன்னொன்று, இடுப்புக்குக் கீழே தொங்குகிற அந்த முடியை வைத்துக்கொண்டு அதன்மேல் சவுரி எப்படிக் கட்டுவாய்?

எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் போடு.
நைனா

*

உடன்குடி
19.8.2025

நைனாவுக்கு, கையெழுத்து மாறியிருக்கிறதே என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கட்டை விரலில் அடி. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். அவர் சொந்தமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மாலை போட்டாகிவிட்டது. ஒரு வேளைச் சாப்பாடு. அது எனக்குக் கஷ்டமாக இல்லை, முன்பே பழகிவிட்டது. சவுரியைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது என் தலையில் அது சுலபமாக உட்காருகிறது.

அடையாளம் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அதற்கு வடக்கே மணலில் எங்கள் குழுவின் மஞ்சள் பலகை நிற்கும். எங்கள் குழுவில் மூன்று காளி. அம்மாவின் வெள்ளித் தண்டையை இடது காலில் போட்டிருப்பது நான். நாலு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் ஊர்வலத்தில் இருப்போம்.

காளிக்கு நாக்கும் பல்லும் வாயோடு கட்டியிருக்கும், பதில் பேச முடியாது. நான் பேசவில்லையே என்று நீங்கள் பாதியில் நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லி முடியுங்கள். அதற்காகத்தான் இத்தனையும்.

நீங்கள் வரும் நாளை விரலில் எண்ணும்,
உங்கள் மகள்

*

சென்னீர்குப்பம்
6.9.2025

குமாரிக்கு, நைனா. நானும் வீட்டாரும் சௌக்கியம். விரலுக்கு மஞ்சள் பற்று போடு.

அவன் கையெழுத்தை என்னைப் படிக்க வைத்துவிட்டாய். சாமர்த்தியக்காரி. எழுத்து மணிமணியாகத்தான் இருக்கிறது.

என்ன பேசுவது என்று தினமும் மாடியில் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன். மருமகள் பாபுவிடம், "மாமா தனியா பேசிகினு கீறாரு, டாக்டரைப் பாக்கலாமா" என்று கேட்டிருக்கிறாள். பதினோரு வருஷம் வாய்க்குள் கிடந்தது வெளியே வரவேண்டாமா? வெள்ளைச் சட்டை ஒன்று தைத்திருக்கிறேன். நீ விரதம் என்று சொல்லி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கடிதம் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

நேரில் மீதி.
நைனா

*

திருநெல்வேலி
27.9.2025

நைனா, நன்றாக இருக்கிறீர்களா. இது என் கையாலேயே எழுதுகிறேன், அதனால் நாலு வரிதான். ஒரு வேலையாக இங்கே வந்திருக்கிறேன். இரண்டாம் தேதி கட்டாயம் வாருங்கள். மழை, கூட்டம், முட்டிவலி என்று எதையும் சொல்லக் கூடாது. பாபு பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நீங்கள்தான் எனக்குத் தலை வாரினீர்கள். கோணல் வகிடு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை.

குமாரி

*

சென்னீர்குப்பம்
9.10.2025

உதயகுமாருக்கு, எத்திராஜ் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு ஒன்று தெரியவேண்டும், அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மத்தியானமே குலசை வந்துவிட்டேன். சாலை முழுக்க வேஷம். மேளம் காதைக் கிழித்தது. ஒரு கரடி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடியது. எமன் ஒருவன் தண்ணீர்ப் பாக்கெட் குடித்துக்கொண்டிருந்தான். சிவன் கோயிலுக்கு வழி கேட்கலாம் என்று ஒரு போலீஸ்காரரிடம் போனேன், அவர் தட்டை நீட்டித் தர்மம் கேட்டார். அவரும் வேஷம். மஞ்சளும் சிவப்புமாக அந்த ஜனம் கடலைப் பார்க்கப் போனது. நானும் என் வெள்ளைச் சட்டையும்தான் வேஷம் இல்லாமல் போனோம். பொய் எதற்கு, சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மஞ்சள் பலகையைக் கண்டுபிடித்தபோது மணி நாலரை. தண்டை போட்ட காளி தனியாக ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தது. கறுத்த முகம், நீண்ட நாக்கு, முதுகில் கட்டின மரக்கைகள். என் மகள் இவ்வளவு உயரமா என்று ஒரு கணம் தோன்றியது. கிரீடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேசினேன். மாடியில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நைனா வந்துகீறேன்மா" என்றேன். "உங்கம்மா செத்த அன்னிக்கு நீ வாசல்ல நின்னுகினு இருந்தியே, உள்ள வாம்மான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, கடிச்சிகினேன். வாயில ரத்தம் வந்துச்சு. எவனும் பாக்கல. அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே இல்ல. நம்ம ஊட்டுல குடியிருந்தப்ப உங்கம்மாவுக்கு மூச்சு முட்டுச்சே, ராத்திரி அவன்தான் வண்டியில ஒக்கார வச்சு இட்டுகினு போனான். நல்லவன்னு தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாமேன்னுதான் எரிஞ்சிது. கேட்டிருந்தா நான் ஒத்துகினு இருக்கமாட்டேன், அதுவும் தெரியும். தப்பு என்னுதுதான். மன்னிச்சிரு." இன்னும் என்னென்னவோ சொன்னேன். காளி அசையவில்லை. மை கரைந்து கன்னத்தில் ஓடியது. எழுந்து வந்து திருநீறை எடுத்து என் நெற்றியில் பூசியது.

அப்போது ஒரு தப்பு பண்ணிவிட்டேன். பூசாரி சொல்லாதே என்றதை, கிளம்பும்போது என்னை அறியாமல், "வரேன் குமாரி" என்று சொல்லிவிட்டேன்.

பாடி பஸ் சூரசம்ஹாரம் முடிந்துதான் கிளம்பும் என்றார்கள். முட்டி தாங்கவில்லை, அன்று மாலையே திருச்செந்தூரில் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். காலையில் கிளாம்பாக்கத்தில் பாபு நின்றுகொண்டிருந்தான். அக்கா போயிட்டா நைனா என்றான். பத்து மணிக்கு எடுக்கிறார்கள் என்றான். நான் விட்டுவிட்டு வந்த ஊருக்கு எப்படிப் பத்து மணிக்குள் போவது? காரியத்துக்காவது ஆகட்டும் என்று அவன் மட்டும் ஓடினான். திரும்பி வந்து வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். மாமாவையே கேளு நைனா என்கிறான்.

சாயங்காலம் எழுந்து நின்று எனக்குத் திருநீறு பூசியவள் அன்று இரவுக்குள் எப்படிப் போனாள்? நான் பேர் சொன்னதால்தானே? பதினோரு வருஷம் காப்பாற்றிய தலையை ஒரு வார்த்தையில் நானே வாங்கிவிட்டேனா? மறைக்காமல் எழுது. என் மனதைத் தேற்றுவதற்காக எதுவும் எழுதாதே.

எத்திராஜ்

*

உடன்குடி
21.10.2025

மாமா அவர்களுக்கு, உதயகுமாரின் வணக்கம். சாப்பிடுகிறேன். நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பாபு சொன்னான், நிறுத்தவேண்டாம்.

மறைக்காமல் கேட்டீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன்.

அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். ஜனவரியில் தெரிந்தது. திருநெல்வேலி வேலை என்று எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரிதான். முடி கொட்டிவிட்டது. பாபுவுக்குக் கூடச் சொல்லவிடவில்லை. "நைனாவுக்குத் தெரிஞ்சா தன் சத்தியத்தாலதான் வந்துச்சுன்னு உயிரை விட்டுருவாரு. இல்லன்னா பாவம் பார்த்து வருவாரு. எனக்கு ரெண்டும் வேண்டாம்" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி சேர்த்தோம். எழுந்து உட்காரவே முடியவில்லை. இரண்டாம் தேதி காலை என்னைக் கூப்பிட்டு, "நீங்க கட்டிட்டுப் போய் உட்காருங்க" என்றாள். நான் மாட்டேன் என்றேன். "நைனா அவ்வளவு தூரம் வந்து வெறும் மணலைப் பாத்துட்டுப் போகணுமா? அவர் பேசுறதை ஒரு வார்த்தை விடாமக் கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்கு அக்கா முறையான ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு வந்தேன். தண்டை எனக்குச் சேரவில்லை, நூலால் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் பேசியது என்னிடம் மாமா. வாய்க்கட்டை அவிழ்த்து நான்தான் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், அவளுக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. அதனால் உட்கார்ந்து மனதில் ஏற்றிக்கொண்டேன். நீங்கள் போனபிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டுக் குழுவின் பையிலிருந்து போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பது அழைப்பு. அவள் மூன்று மணிக்கே போய்விட்டாள். உங்களைத் தேடி ஓடினேன், கூட்டத்தில் காணவில்லை. பாபுவைக் கூப்பிட்டேன், பஸ்ஸில் தனியாக வரும் மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவன் விடியும் வரை சொல்லவில்லை.

நீங்கள் பேசியது நாலரை மணிக்கு. அவள் போனது மூன்றுக்கு. நீங்கள் பேர் சொன்னது அவளிடமும் இல்லை, அவள் இருந்தபோதும் இல்லை. உங்களால் அவளுக்கு எதுவும் ஆகவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

நீங்கள் சொன்னது முழுதும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

உதயகுமார்

*

சென்னீர்குப்பம்
2.11.2025

மாப்பிள்ளை உதயகுமாருக்கு, எத்திராஜ் எழுதுவது. மாத்திரை போடுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பாபு படித்துக் காட்டினான், பிறகு நானே படித்தேன்.

நீ செய்தது சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். உன்மேல் வருத்தம் இல்லை. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது இன்னொருவன் அழுகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? பட்டறையைத் திற, பூட்டி வைக்காதே. முடிந்தால் பொங்கலுக்கு இங்கே வா. நம் வீடுதான்.

நான் சொன்னதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லை.

பாரத்தை இறக்கி வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனதோடுதான் எழுதினாய். ஆனால் உன் கடிதம் வரும்வரை ஒவ்வொரு நாளும், என்னால்தான் போனாள், என்னால்தான் போனாள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தபோது, கூடவே இன்னொன்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனாலும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று நினைத்திருந்தேன். என் குரலைக் கேட்கவேண்டும் என்றாளே, கேட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். நான் கொன்றதாகவே இருந்திருக்கலாம் மாப்பிள்ளை. இப்போது அதுவும் இல்லை.

எத்திராஜ்